தராசுக்குப் பதில் பதிவேடு: கே.புதூரில் ஒரு மின் வண்டி பேட்டரிச் சோதனைச் சேவை

மதுரையில் பழைய பேட்டரியை விற்பது ஒருபோதும் கடினமான காரியமாக இருந்ததில்லை. 2008ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்து சேர்ந்தது. அதோடு, ஓய்ந்துபோன ஈய பேட்டரியைக் கடைக்காரரிடம் கொடுத்தால் எடைபோட்டு, ஈயத்தின் அன்றைய விலைக்குக் கணக்கிட்டு, புதியதன் விலையில் கழித்துக்கொள்வார் என்பதும் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்த ஈயம் பிறகு எங்கே, எந்தப் புகைக்கு நடுவில் உருக்கப்பட்டது என்பது வேறு கதை. ஆனால் பொருள் சுற்றி வந்தது. தராசு ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது.

லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒரே ஆண்டில், ஒரே ஆலையில், ஒரே எடையில் செய்யப்பட்ட இரண்டு ஸ்கூட்டர் பேட்டரிகளில் ஒன்று இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். மற்றொன்று அடுத்த கத்திரி வெயிலைத் தாண்டாமல் போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எத்தனை முறை சார்ஜ் ஏறியது, எந்த வெப்பத்தில் ஓடியது, உள்ளே எந்தச் செல் தளர்ந்திருக்கிறது என்ற விவரங்கள்தாம் அதன் விலையைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, மின் வண்டி பேட்டரியை மறுபயன்பாட்டுக்கும் மறுசுழற்சிக்கும் கொண்டுசெல்லும் தொழிலில், செல்லுக்கு நிகராகத் தகவலும் ஒரு சரக்காகிவிட்டது. மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள ஒரு பணிமனை இந்தத் தகவலைத்தான் சேவையாக விற்கிறது. இது விளம்பரமாகிவிடக் கூடாது என்பதற்காகக் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே முறையில் இயங்கும் பிற கடைகளுக்குச் செல்வோருக்கும் இந்த மதிப்பீடு உதவும்.

பணிமனை தருவன நான்கு. பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லும் விரைவுச் சோதனை. கொள்ளளவை அளந்து பார்க்கும் முழுச்சோதனை. பல செல்களைக் கோத்த பேட்டரிப் பெட்டியான பேக்கின் மீது கியூஆர் வில்லை ஒட்டி அதன் வரலாற்றை இணையத்தில் பதிந்து வைத்தல். தேய்ந்த பேட்டரியை விலைக்கு எடுத்து, தகுதியானதை வேறு பயனுக்கு மாற்றி, எஞ்சியதை மறுசுழற்சியாளருக்கு அனுப்புதல். நான் கொண்டுசென்றது 51.2 வோல்ட், 40 ஆம்பியர்-மணி திறன் கொண்ட, லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேக். புதிதாக இருந்தபோது ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரத்தைத் தாங்கியது. நிறுவனத்தின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால், திறந்து பார்க்கவும் தடையில்லை.

விரைவுச் சோதனை என்பது, பேக்கினுள் இருக்கும் பிஎம்எஸ் என்ற மேலாண்மைப் பலகையுடன் புளூடூத் வழியாகவோ கம்பி வழியாகவோ இணைத்து, அது வைத்திருக்கும் எண்களைப் படித்தெடுப்பதே. காபி குடித்து முடிப்பதற்குள் அறிக்கை வந்துவிடுகிறது. சார்ஜ் சுழற்சிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தம், பதிவான உச்ச வெப்பநிலை, ‘உடல்நிலை 91 சதவீதம்’ என்று வண்ணத்தில் ஒரு வட்டம் எல்லாம் அதில் இருந்தன. பணம் கொடுத்து அத்துடன் திரும்பிச் செல்பவர்களே அதிகம் என்று தெரிகிறது. மேசைப் பொறுப்பில் இருந்த இளைஞர் என்னைத் தடுத்து, “அண்ணே, இது பிஎம்எஸ் சொல்ற கணக்கு; செல்லு சொல்ற கணக்கு வேற. விக்கிறதுக்கா இருந்தா இதே போதும், ஓட்டுறதுக்குன்னா முழுசா டெஸ்ட் பண்ணிருங்க” என்றார். தன் கடையின் அறிக்கையையே இப்படிக் குறைத்துச் சொல்லும் நேர்மை எனக்குப் பிடித்தது. விற்பதற்கு இதே போதும் என்று அவர் சொன்ன பாதியை மட்டும் பழைய வண்டி வாங்குவோர் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முழுச்சோதனைக்குக் காலையில் கொடுத்தால் மாலையில் தருகிறார்கள். பேக்கை முழுமையாக ஏற்றி, சற்று ஆறவிட்டு, 20 ஆம்பியர் என்ற நிலையான மின்னோட்டத்தில் இறக்கி, எவ்வளவு வெளிவந்தது என்று அளந்து, மீண்டும் ஏற்றுகிறார்கள். என் பேக்கிலிருந்து வந்தது 32.6 ஆம்பியர்-மணி, அதாவது 81.5 சதவீதம். பிஎம்எஸ் சொன்ன 91 எங்கே, இது எங்கே?

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பலகையின் பழுதன்று. பிஎம்எஸ் தன்னுள் வந்த மின்னோட்டத்தையும் வெளியேறியதையும் கூட்டிக் கழித்துத்தான் கணக்கு வைக்கிறது. அதில் சிறு பிழைகள் நாள்தோறும் சேர்கின்றன. முழுதாக ஏறிய நிலையிலிருந்து முழுதாக இறங்கும்போதுதான் கொள்ளளவுக் கணக்கில் அந்தப் பிழை சரியாகும். அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் மட்டும் ஓடி, பாதியில் இருக்கும்போதே இரவில் சார்ஜில் போடப்படும் வண்டியில் அந்த வாய்ப்பு அரிது. நிக்கல், கோபால்ட் கலந்த செல்களில் மின்னழுத்தத்தை வைத்து இருப்பை ஓரளவு ஊகிக்கலாம். இரும்பு பாஸ்பேட் செல்லிலோ, ஏறத்தாழ முழுதாக இருக்கும்போதும் பாதிக்கும் கீழே இறங்கிய பிறகும் மின்னழுத்தம் 3.2 வோல்ட்டை ஒட்டியே தட்டையாக நிற்கும். அதைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. நாட்டில் விற்கும் மலிவான செயலிகளும் ஆய்வுக் கருவிகளும் இந்தப் பிஎம்எஸ் எண்ணைத்தான் அழகுபடுத்திக் காட்டுகின்றன என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழுச்சோதனையின் வரைபடம் இன்னொன்றையும் காட்டியது. தொடராக இணைக்கப்பட்ட 16 செல்களில் 15 செல்கள் ஒரே கோட்டில் இறங்கின. 11ஆவது மட்டும் கடைசிக் கட்டத்தில் மற்றவற்றை விட்டுச் சரிந்து, 2.5 வோல்ட்டைத் தொட்டவுடன் பிஎம்எஸ் பேக் முழுவதையும் நிறுத்திவிட்டது. தொடர் இணைப்பில் பலவீனமான செல் எதுவோ அதன் அளவே பேக்கின் அளவு. அந்தச் செல் மின்னோட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வெப்பம் படும் பக்கத்தில் இருந்தது என்பதைத் திறந்து காட்டினார்கள். அதை மட்டும் மாற்றினால் போதும் என்ற யோசனையை உடனே ஏற்காமல், கையிருப்பில் இருந்த பழைய செல்களின் கொள்ளளவையும் உள்மின்தடையையும் ஒப்பிட்டு, மற்ற 15உடன் பொருந்தும் ஒன்றைத் தேடி எடுத்து மாற்றினார்கள். புத்தம் புதிய செல்லை நடுவில் செருகியிருந்தால் பழையவற்றோடு ஒத்துப்போகாது என்பதை அறிந்தவர்கள் செய்யும் வேலை இது. ஒவ்வொரு பழைய செல்லுக்கும் அளவுகளைப் பதிந்து, எண்ணிட்டு வைத்திருப்பதால்தான் இந்தத் தேடல் சில நிமிடங்களில் முடிந்தது. இந்தப் பணிமனையின் உண்மையான எண்மச் சொத்து, விளம்பரப் பலகையில் இடம்பெறாத இந்தச் செல் பட்டியல்தான் என்பேன்.

அறிக்கையில் ஒரு குறை: சோதனை நடந்தபோது இருந்த வெப்பநிலை குறிப்பிடப்படவில்லை. கொள்ளளவும் உள்மின்தடையும் வெப்பத்துக்கு ஏற்ப மாறுபவை. மதுரையில் மார்கழிக் காலையில் எடுத்த அளவையும் சித்திரை நடுப்பகலில் எடுத்த அளவையும் அருகருகே வைத்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. கேட்ட பிறகு கையால் எழுதிக் கொடுத்தார்கள்; அச்சிலேயே அது வர வேண்டும்.

அறிக்கையின் அடியில் ‘செயற்கை நுண்ணறிவுக் கணிப்பு’ என்ற தலைப்பில், பேட்டரி இன்னும் 3 ஆண்டு 2 மாதம் உழைக்கும் என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. இதைக் கிழித்து எறிந்துவிடலாம். பல நூறு சுழற்சிகளின் தரவு தொடர்ச்சியாகக் கையில் இருந்தால் தேய்மானத்தின் போக்கைக் கணிக்கும் வழிமுறைகள் உண்டு, அவை பயனுள்ளவையும்கூட. ஒரே ஒரு நாள் எடுத்த ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆயுள் சொல்வது கைரேகை பார்ப்பதற்குச் சமம். மேலும், லித்தியம் செல்கள் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஒரு கட்டம் வரை மெதுவாகக் குறைந்து, அதற்குப் பின் சட்டென்று சரியும் இயல்புடையவை. அந்தத் திருப்பம் எப்போது வரும் என்பதே கேள்வி. அந்த வரியில் அதற்கு விடையில்லை.

அடுத்தது கியூஆர் வில்லை. கைபேசியில் காட்டினால் ஒரு பக்கம் திறக்கிறது. செல்லின் வகை, தயாரிப்பு மாதம், சோதனை முடிவுகள், மாற்றப்பட்ட 11ஆவது செல்லின் எண் ஆகியவை வரிசையாகத் தெரிகின்றன. இதை ‘பேட்டரி பாஸ்போர்ட்’ என்றே கடையில் அழைக்கிறார்கள். அந்தப் பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 எண்ணுள்ள பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் மின் வாகன பேட்டரிகளுக்கும், ஸ்கூட்டர் போன்ற இலகு வாகன பேட்டரிகளுக்கும், 2 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட தொழிலக பேட்டரிகளுக்கும் இத்தகைய எண்மக் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்குகிறது. எந்தத் தகவலைப் பொதுமக்கள் பார்க்கலாம், எதைப் பழுதுபார்ப்போரும் மறுசுழற்சியாளரும் போன்ற நியாயமான தேவை உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம், எது அரசு அமைப்புகளுக்கு மட்டும் உரியது என்று அதில் பிரித்து வைத்திருக்கிறார்கள். பேட்டரி மறுபயனுக்கு மாறும்போது பொறுப்பு புதியவருக்குக் கைமாறுவதற்கும், மறுசுழற்சி ஆனபின் அந்தக் கடவுச்சீட்டு முடிவுக்கு வருவதற்கும்கூட அதில் விதி உண்டு.

இதோடு வைத்துப் பார்க்கையில் கே.புதூர் வில்லை மிகத் தொலைவில் நிற்கிறது. என் பெயரும் கைபேசி எண்ணும் அந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தன. நிறுத்தத்தில் நிற்கும் வண்டியின் இருக்கையைத் தூக்குபவர் எவரும் அதைப் படிக்கலாம். சொன்னவுடன் நீக்கிவிட்டார்கள், ஆனால் சொல்லாதவர்களின் எண்கள் அப்படியேதான் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பதிவு முழுக்க அந்தக் கடையின் கணக்கில் மட்டும் கிடப்பது. திருமங்கலத்திலோ மேலூரிலோ இன்னொரு மெக்கானிக் ஒரு செல்லை மாற்றினால் அதை அவர் இதில் எழுத வழியில்லை. கடை மூடப்பட்டால் வில்லை வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டமாகிவிடும்.

பெயர்ப் பலகையில் ‘பிளாக்செயின் பாதுகாப்பு’ என்ற சொல்லும் உண்டு. அது என்ன செய்கிறது என்று உரிமையாளரிடம் கேட்டேன். மென்பொருள் விற்றவர் போட்டுக் கொடுத்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒருவரை ஒருவர் நம்பாத பல தரப்பினர் ஒரே ஏட்டில் எழுத வேண்டியிருக்கும்போது, பின்னால் யாரும் திருத்தாமல் காப்பதற்கு அந்தத் தொழில்நுட்பம் பொருந்தும். சுரங்கம், சுத்திகரிப்பு ஆலை, செல் ஆலை, கார் ஆலை என்று பல நாடுகளைக் கடந்து வரும் கோபால்ட்டையும் லித்தியத்தையும் தொடர்ந்து பதிவதற்கு வோல்வோ நிறுவனம் 2024இல் தன் இஎக்ஸ்90 காருக்கு அதைப் பயன்படுத்தியது அந்த வகை. ஒரே கடை, ஒரே மேசை, எழுதுபவரும் ஒருவரே என்ற இடத்தில் அதற்கு வேலையே இல்லை. முதலில் தவறாக எழுதப்பட்டதை எந்தச் சங்கிலியும் சரியாக்காது. இங்கே கணக்கை நம்ப வைப்பது, மின்சாரத்தை இறக்கி அளக்கும் அந்த டிஸ்சார்ஜ் கருவியும், அதை இயக்குபவரின் பொறுமையுமே.

நம் நாட்டிலும் இந்தத் துண்டு துண்டான பதிவுகளை ஒன்றாக்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு பேட்டரி பேக்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 21 குறிகள் கொண்ட, ஆதார் போன்ற தனி அடையாள எண் தரவும், தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ அதற்குரிய விவரங்களை ஒரு பொதுத் தளத்தில் ஏற்றவும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வரைவு வழிகாட்டுதலை முன்வைத்துள்ளது. அது நடைமுறைக்கு வந்தால், கே.புதூர் வில்லையும் திருமங்கலத்து மெக்கானிக்கின் குறிப்பும் ஒரே எண்ணின் கீழ் சேர இடமுண்டு. அதற்குப் பிஎம்எஸ் தகவல் திறந்திருக்க வேண்டும் என்பது முதல் தேவை. இப்போது சில நிறுவனங்களின் பேக்குகளை இந்தப் பணிமனையால் படிக்கவே முடிவதில்லை, பலகை பூட்டப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் 2024 ஆகஸ்ட் முதல், பேட்டரியின் உடல்நிலையைக் கணிக்கத் தேவையான அளவுகளைப் பிஎம்எஸ்ஸிலிருந்து படிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இங்கே காசு கொடுத்து வாங்கியவர், தன் வண்டியின் பேட்டரி எப்படி இருக்கிறது என்பதை விற்றவரிடமே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

விலைக்கு எடுக்கும் பிரிவு இந்தச் சேவையில் பாராட்டத்தக்க பகுதி. முழுச்சோதனையில் வந்த கொள்ளளவுக்கு ஏற்ப விலை சொல்கிறார்கள். எந்த அளவுக்கு எந்த விலை என்ற பட்டியல் சுவரில் தொங்குகிறது. வண்டிக்கு உதவாத நிலைக்கு வந்த இரும்பு பாஸ்பேட் பேக்குகளைப் பிரித்து, ஒத்த செல்களைச் சேர்த்து, சிறு கடைகளுக்கான மின்சேமிப்புப் பெட்டிகளாக மாற்றுகிறார்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அத்தகைய பெட்டி ஒன்று விடியலுக்கு முந்தைய வியாபாரத்தில் விளக்குக்கும் மின்னணுத் தராசுக்கும் மின்சாரம் தருவதைப் போய்ப் பார்த்தேன். ஸ்கூட்டரை மேட்டில் இழுக்கத் திணறும் செல்லுக்கு இந்தச் சுமை ஒரு பொருட்டே அன்று. பெட்டியினுள் சிம் பொருத்திய சிறு கருவி ஒன்று மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பணிமனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் என்றார்கள். சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்து அது எப்போதோ நின்றுபோயிருந்ததைப் பூக்கடைக்காரரும் கவனிக்கவில்லை, பணிமனையும் கவனிக்கவில்லை. தகவல் வராதபோது எச்சரிக்கை எழ வேண்டும் என்ற எளிய ஏற்பாட்டைக்கூடச் செய்யாமல் கண்காணிப்பு என்று சொல்லிக்கொள்வது சரியன்று.

இரும்பு பாஸ்பேட் பேக்குக்கு இந்த இரண்டாம் வாழ்க்கை மிகவும் அவசியம் என்பதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அதில் கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை. செல்களை நொறுக்கிப் பிரித்தெடுக்கும் கருந்தூளில் விலைபோகும் உலோகம் குறைவு என்பதால் மறுசுழற்சியாளர் அதற்குத் தரும் விலையும் குறைவு. எனவே அதை இயன்றவரை மின்சாரம் சேமிக்கவே வைத்திருந்து, கடைசியில் நொறுக்குவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

கடைசிக் கட்டமான மறுசுழற்சியில்தான் பதிவேடு அறுந்துபோகிறது. 2001ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், மின் வாகன பேட்டரியிலிருந்து 2024-25இல் 70 சதவீதம், 2025-26இல் 80 சதவீதம், 2026-27 முதல் 90 சதவீதம் பொருளை மீட்க வேண்டும் என்கின்றன. 2027-28 முதல் புதிய மின் வாகன பேட்டரிகளில் குறைந்தது 5 சதவீதம் மீட்கப்பட்ட பொருள் இருக்க வேண்டும். 2030-31இல் அது 20 சதவீதமாக உயரும். இவை எல்லாவற்றுக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத் தளத்தில் கணக்கு ஏறுகிறது. ஆனால் அந்தக் கணக்கு எடையில் ஏறுகிறது. பணிமனையின் கணக்கோ செல் எண்ணில் இருக்கிறது. கழிவுச் செல்கள் டிரம்மில் போடப்பட்டு லாரியில் ஏறிய பின், எந்தப் பேக்கின் செல் எங்கே போனது என்பதற்கு ஒரு ரசீதும் அதில் ஒரு கிலோ எண்ணும் மட்டுமே எஞ்சுகின்றன. கியூஆர் பக்கத்தில் ‘மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்டது’ என்ற வரி வரும். யாரிடம், எப்போது, என்ன மீட்கப்பட்டது என்பவை வருவதில்லை. பேட்டரியைப் புதுப்பித்து விற்பவர்களும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. அந்தச் சான்றைக் கேட்டபோது, விண்ணப்பித்திருப்பதாக மட்டுமே பதில் கிடைத்தது. வாடிக்கையாளர்கள் தொடர்ந்து கேட்டால் ஒருவேளை வேகம் பிடிக்கும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. 2022 கோடையில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த நிகழ்வுகளுக்குப் பிறகு மின் வண்டிகளின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 தரநிலையை மத்திய அரசு கடுமையாக்கியது நினைவிருக்கலாம். இங்கே சந்தேகத்துக்குரிய பேக்குகளைத் தனிக் கொட்டகையில், மணல் நிரப்பிய தொட்டிகளுக்கு நடுவில் வைக்கிறார்கள். மின்சாரத்தை முழுதாக இறக்காமல் எதையும் பிரிப்பதில்லை. வீங்கிய செல்லைப் பட்டியலில் சிவப்பிட்டு, மறுபயன்பாட்டு வரிசையிலிருந்து தானாகவே விலக்கிவிடும் ஏற்பாடும் மென்பொருளில் இருக்கிறது.

அளவுக் கருவிகள் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன என்பதற்குச் சான்று காட்ட இயலவில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம் அது. இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் அப்படி ஓர் இடம் இருக்கையில், மதுரை வட்டாரத்துச் சிறு பணிமனைகள் ஒன்றுசேர்ந்து தங்கள் கருவிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள ஒரு வழியைக் கேட்டுப் பெறலாம் என்று தோன்றுகிறது.

செல்ல விரும்புவோருக்கு: விரைவுச் சோதனையில் பணத்தைச் செலவிட வேண்டாம், நேராக முழுச்சோதனைக்குக் கொடுங்கள். வண்டிக்கு உரிய சார்ஜரையும் எடுத்துச் செல்லுங்கள். அச்சிட்ட அறிக்கையோடு, நொடிவாரியாகப் பதிவான மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்கி உங்களிடம் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள்; கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறார்கள். நிறுவன உத்தரவாதம் மீதமிருப்பவர்கள் பேக்கின் முத்திரையை உடைக்க விடக் கூடாது. மூடிய நிலையிலேயே முழுச்சோதனை செய்ய உரிய இணைப்பான் எந்தெந்த மாடல்களுக்கு இருக்கிறது என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் மேசை இயங்குவதில்லை.